கால் பட்டாத்தான் சட்டம், அதனால கால் படவே விடமாட்டாங்க

மத்தியதரைக் கடல்ல போட் கவுந்து இத்தனை பேர் செத்துட்டாங்கன்னு நியூஸ் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க, "ஏன் இப்படித் திருட்டுத்தனமா போகணும், முறையா விசா எடுத்துப் போனா என்ன?"ன்னு. கேள்வியில தப்பில்ல. ஆனா பதில் நிறைய பேருக்குத் தெரியாது. அப்படி ஒரு விசாவே கிடையாது. படிக்கப் போக விசா இருக்கு, வேலைக்கு இருக்கு, சுத்திப் பாக்க இருக்கு, கல்யாணம் பண்ணிட்டுப் போக இருக்கு. "எங்க ஊர்ல என்னைக் கொல்லப் பாக்குறாங்க, உங்க நாட்டுக்கு வந்து அடைக்கலம் கேக்கணும்"னு சொல்லி நேரா எம்பசில எடுக்குற விசா கிட்டத்தட்ட எந்தப் பணக்கார நாட்டுலயும் இல்ல. உண்மையைச் சொன்னா அந்த ஒரு காரணத்துக்காகவே டூரிஸ்ட் விசாவும் ரிஜெக்ட் ஆகும், ஏன்னா விசா ஆபீசர் முதல்ல பாக்குறதே இந்த ஆள் திரும்பிப் போவாரா மாட்டாரான்னுதான்.

இதைக் கோர்ட் வரைக்கும் கொண்டு போய்ப் பார்த்தவங்களும் இருக்காங்க. 2016ல சிரியாவோட அலெப்போவுல இருந்து ஒரு குடும்பம் லெபனானுக்கு வந்து, பெய்ரூட்ல இருக்குற பெல்ஜியம் எம்பசில விசா கேட்டாங்க, பெல்ஜியம் வந்ததும் அகதியா விண்ணப்பம் போடுவோம்னு ஒளிவு மறைவு இல்லாம சொல்லியே கேட்டாங்க. குடுக்கல. கேஸ் ஐரோப்பிய யூனியனோட நீதிமன்றத்துக்குப் போச்சு, 2017 மார்ச்ல தீர்ப்பு வந்துச்சு: அந்த மாதிரி விசா குடுக்கணும்னு ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்தல, அந்தந்த நாடு பாத்துக்கலாம். அதாவது அதே குடும்பம் எப்படியோ கடலைத் தாண்டி பிரஸ்ஸல்ஸ் வந்து நின்னுட்டா அவங்க கேஸைக் கேட்டே ஆகணும், ஆனா வந்து நிக்கிறதுக்கு யாரும் வழி விட வேண்டியதில்ல.

கடந்த 40 வருஷமா உலகம் முழுக்க அகதிகள் விஷயத்துல நடக்குற முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு ஓட்டையில இருந்துதான் வருதுன்னு நான் நினைக்கிறேன். சுவர், விசா, தீவு, கோஸ்ட் கார்ட், ருவாண்டா, அல்பேனியா எல்லாத்துக்கும் பின்னாடி இருக்குறது ஒரே கணக்கு.

கணக்கு எங்க ஆரம்பிக்குதுன்னா, 1951 ஜூலையில ஜெனீவால போட்ட அகதிகள் உடன்படிக்கைல. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஐரோப்பால லட்சக்கணக்கான பேர் ஊரு நாடு இல்லாம நின்ன நேரம், அதனால அந்த உடன்படிக்கை முதல்ல 1951 ஜனவரி 1க்கு முன்னாடி நடந்த சம்பவங்களால ஓடி வந்தவங்களுக்கு மட்டும்தான், விரும்புற நாடு ஐரோப்பாவுக்கு மட்டும்னுகூட சுருக்கிக்கலாம். 1967ல ஒரு நெறிமுறை போட்டு தேதியையும் இடத்தையும் எடுத்தாங்க. (துருக்கி இன்னிக்கு வரைக்கும் அந்த ஐரோப்பா கணக்கை விடல, அதனால அங்க இருக்குற லட்சக்கணக்கான சிரியாக்காரங்க சட்டப்படி முழு அகதிங்க கிடையாது, தற்காலிகப் பாதுகாப்புல இருக்குறவங்க.) யார் அகதின்னா, இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து, இந்த அஞ்சுல ஒண்ணுக்காகத் துன்புறுத்தப்படுவோம்னு நியாயமான பயத்தோட சொந்த நாட்டை விட்டு வெளிய இருக்குறவங்க. பஞ்சம் இதுல இல்ல, வெள்ளம் இல்ல, சும்மா போர் நடக்குதுங்கறது மட்டும்கூடப் போதாது.

இதுல உயிர்நாடி 33வது பிரிவு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்குற இடத்துக்கு ஒருத்தரைத் திருப்பி அனுப்பக் கூடாது. 31வது பிரிவு இன்னொண்ணு சொல்லுது, ஆபத்துல இருந்து நேரா வந்து, வந்ததும் தன்னை அதிகாரிகள்கிட்ட ஒப்படைச்சா, சட்டவிரோதமா நுழைஞ்சாங்கங்கறதுக்காகத் தண்டிக்கக் கூடாது. அப்ப எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, உயிருக்குப் பயந்து ஓடுறவன் கையில பேப்பர் இருக்காதுன்னு. ஆனா உள்ள விடணும்னோ, போய்க் கூட்டிட்டு வரணும்னோ, எந்த நாடு எத்தனை பேரைப் பங்கு போட்டுக்கணும்னோ எங்கயும் இல்ல. வாசல்ல வந்து நிக்கிறவனுக்குச் சோறு போடணும், இல்லன்னு அனுப்பக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு வச்சா, மனசில்லாத வீட்டுக்காரன் என்ன பண்ணுவான்? தெருமுனையிலயே ஒரு ஆளை நிறுத்தி வைப்பான். பணக்கார நாடுங்க பண்ணது அதுதான், சட்டத்தை மீறல, தெருமுனையைத் தள்ளித் தள்ளி வச்சாங்க.

இதுல நம்மாளுங்க கதை ரொம்ப முக்கியமான இடத்துல வருது. 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் இலங்கைத் தமிழர் ஓடுன காலத்துல ஒரு வழி இருந்துச்சு. விமானத்துல கிழக்கு பெர்லின் போய் இறங்குவாங்க, கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி டிரான்சிட் விசா குடுக்கும், அங்க இருந்து லோக்கல் ட்ரெய்ன் பிடிச்சா மேற்கு பெர்லின். மேற்கு ஜெர்மனி நடுவுல இருந்த பெர்லின் சுவரை நாட்டு எல்லையாவே ஒத்துக்கல, ஒத்துக்காத எல்லையில பாஸ்போர்ட் செக்கிங் எப்படி வைக்கிறது? அதனால ட்ரெய்ன்ல இருந்து இறங்குனா நேரா போய் அசூல் அடிக்கலாம், அதாவது அடைக்கலம் கேக்கலாம். இது 1986 வாக்குல அடைஞ்சுபோச்சு, மேற்கு ஜெர்மனி நெருக்கி நெருக்கி, அடுத்து போற நாட்டோட விசா இல்லாதவங்களுக்கு டிரான்சிட் கிடையாதுன்னு கிழக்கு ஜெர்மனியைச் சொல்ல வச்சுட்டாங்க. அதே 1986 ஆகஸ்ட்ல கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ரெண்டு உயிர்காப்புப் படகுல 155 தமிழர்கள் தத்தளிச்சு மீனவர்களால காப்பாத்தப்பட்டாங்க, அவங்க கப்பல் ஏறுனது மேற்கு ஜெர்மனில இருந்துதான். கனடா அப்ப அவங்களைத் தங்க விட்டுச்சு, வேலை செய்யவும் விட்டுச்சு.

பிரிட்டன் வேற மாதிரி. 1985 மே வரைக்கும் காமன்வெல்த் நாட்டுக்காரங்க பிரிட்டனுக்குப் போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்ல. அந்த வழக்கத்தை உடைச்சு முதல் முதலா ஒரு காமன்வெல்த் நாட்டுக்கு விசா போட்டாங்க, அது இலங்கை. காரணம் யாருக்கும் ரகசியம் இல்ல, தமிழர்கள் வந்து இறங்குறாங்க. அப்பவும் சிலர் வந்துட்டாங்க. 1987 பிப்ரவரில ஹீத்ரோவுல வந்து இறங்கின ஒரு தமிழர் குழுவைத் திருப்பி அனுப்பப் பார்த்தப்ப, அவங்க விமானத்துல ஏற மாட்டோம்னு குளிர்ல துணியைக் கழட்டிப் போட்டுட்டு உள்ளாடையோட நின்னாங்க, அந்தப் படம் பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. அடுத்த மாசமே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் ஒரு சட்டம் கொண்டு வந்தார்: சரியான பேப்பர் இல்லாத ஒருத்தரை ஏத்திட்டு வந்தா அந்த ஏர்லைன்ஸுக்குத் தலைக்கு 1,000 பவுண்ட் அபராதம். கொஞ்ச வருஷத்துல அது 2,000 ஆச்சு.

இந்தச் சின்னச் சட்டத்தைப் பத்திப் பெருசா யாரும் பேச மாட்டாங்க, ஆனா என்னைக் கேட்டா சுவரை விட, முள்வேலியை விட இதுதான் அதிகமா வேலை செய்யுது. இப்ப ஐரோப்பா முழுக்க இதே மாதிரி விதி இருக்கு, 2001ல ஒரு உத்தரவு போட்டுப் பொதுவாக்கினாங்க. நடைமுறையில என்ன ஆகுதுன்னா, அகதிச் சட்டம்னா என்னன்னே தெரியாத, தெரிஞ்சுக்க வேண்டிய தேவையும் இல்லாத ஒரு செக்-இன் கவுன்ட்டர் ஊழியர்தான் எல்லை அதிகாரி. அவர் ஏத்த மாட்டேன்னுட்டா அப்பீல் கிடையாது, வக்கீல் கிடையாது, ரெக்கார்டுகூட கிடையாது. எத்தனை பேர் அப்படித் திரும்பிப் போய் என்ன ஆனாங்கன்னு ஒரு கணக்கும் எங்கயும் வராது. நூறு இருநூறு டாலர் டிக்கெட்ல முடியுற தூரத்துக்கு ஆயிரக்கணக்குல ஏஜென்ட்டுக்குக் குடுத்து ரப்பர் போட்ல போறாங்கன்னா அதுக்குக் காரணம் இந்தக் கவுன்ட்டர்தான். கடத்தல்காரங்க மேல கோபப்படுறது சரி, ஆனா அவங்க தொழிலுக்குக் கதவு திறந்து விட்டது யாருன்னும் பாக்கணும்ல.

விமானம் அடைபட்டா கடல்தான மிச்சம். கடல்ல என்ன பண்றதுன்னு வழி காட்டுனது அமெரிக்கா. 1981ல ரீகன் அரசு ஹைட்டியோட டுவாலியே சர்வாதிகாரத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டு, நடுக்கடல்லயே படகை மறிச்சுத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சது. கப்பல்லயே வச்சு ஒரு விசாரணை நடக்கும், பேருக்கு. அடுத்த பத்து வருஷத்துல 20 ஆயிரத்துக்கும் மேல ஹைட்டி மக்களை மறிச்சாங்க, அதுல அடைக்கலக் கேஸ் நடத்த அமெரிக்காவுக்குள்ள விட்டது 30 பேருகூட இல்ல. 1991ல ஹைட்டி அதிபர் அரிஸ்டீடைக் கவுத்து ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் ஜனம் இன்னும் அதிகமா கிளம்புச்சு, கியூபால இருக்குற அமெரிக்காவோட குவான்டனாமோ கடற்படைத் தளத்துல கூடாரம் போட்டு வச்சாங்க, அதுவும் நிரம்புனதும் 1992 மே மாசம் அப்பா புஷ் விசாரணையே வேண்டாம், அப்படியே திருப்பிக் கொண்டு போய் விடுங்கன்னு உத்தரவு போட்டார். கிளின்டன் தேர்தல் பிரச்சாரத்துல இதைக் கொடுமைன்னு திட்டினார், ஜெயிச்சு வந்ததும் அதையே தொடர்ந்தார்.

இது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1993 ஜூன்ல 8க்கு 1ன்னு தீர்ப்பு: திருப்பி அனுப்பக் கூடாதுங்கற 33வது பிரிவு நாட்டு எல்லைக்கு வெளிய நடுக்கடல்ல பொருந்தாது. நீதிபதி பிளாக்மன் ஒருத்தர்தான் மறுத்து எழுதினார். நடுக்கடல்ல பிடிச்சா அது திருப்பி அனுப்புறதே இல்லையாம்.

கியூபாக்காரங்களுக்கு வேற விதி, ஏன்னா அது பனிப்போர்ப் பாசம். 1995ல இருந்து 2017 ஜனவரி வரைக்கும் இருந்த விதி இதுதான்: தண்ணியில மாட்டினா திருப்பி, தரையில கால் வச்சுட்டா தங்கலாம், ஒரு வருஷத்துல கிரீன் கார்டுக்கும் போடலாம். ஈரக்கால், காய்ஞ்ச கால்னே அதுக்குப் பேர். 2006 ஜனவரில 15 கியூபாக்காரங்க ஃப்ளோரிடால ஒரு பழைய பாலத்துல ஏறிட்டாங்க, செவன் மைல் பிரிட்ஜ். புதுப் பாலம் கட்டினதும் கைவிட்ட பாலம் அது, அவங்க ஏறின துண்டு கரையோட ஒட்டாம கடல் நடுவுல தனியா நிக்குது. கோஸ்ட் கார்ட் என்ன சொன்னாங்க? இந்தப் பாலம் தரையோட சேரல, அதனால உங்க கால் இன்னும் ஈரம்தான். பதினஞ்சு பேரையும் கியூபாவுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறமா ஒரு ஃபெடரல் ஜட்ஜ் அது தப்புன்னு சொன்னார், பாலம் அமெரிக்காவோட பாலம்தானேன்னு. சிரிப்பு வரும், ஆனா உலகத்தோட மொத்த அகதிக் கொள்கையையும் நாலு வரியில யாருக்காவது சொல்லணும்னா நான் இந்தப் பாலத்தைத்தான் சொல்லுவேன்.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேல போச்சு. 2001 ஆகஸ்ட்ல டாம்பாங்கற நார்வே சரக்குக் கப்பல் மூழ்குற படகுல இருந்து 433 பேரைக் காப்பாத்துச்சு, பெரும்பாலும் ஆப்கானிஸ்தானோட ஹசாரா மக்கள். ஆஸ்திரேலியாவோட கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டு வந்தா ஜான் ஹோவர்ட் அரசு உள்ள விடல, கமாண்டோக்களை கப்பல்ல ஏத்துச்சு. அவங்கள்ல ஒரு பகுதியை நியூசிலாந்து எடுத்துக்கிச்சு, மீதிப் பேரை நவ்ருவுக்கு அனுப்பினாங்க. நவ்ரு 21 சதுர கிலோமீட்டர்தான், பாஸ்பேட்டைத் தோண்டி வித்துப் பணக்காரனாகி, அது தீர்ந்ததும் திவாலான தீவு, காசு குடுத்தா எதுக்கும் சரின்னு சொல்ற நிலைமை. அடுத்த மாசமே கிறிஸ்துமஸ் தீவு, கோக்கோஸ் தீவு எல்லாம் குடியேற்றச் சட்டத்தைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியா இல்லன்னு சட்டம். 2013 மே மாசம் அதையும் தாண்டிப் போனாங்க, படகுல வர்றவங்களுக்கு ஆஸ்திரேலியாவோட முழு நிலப்பரப்புமே ஆஸ்திரேலியா கணக்குல வராது. தன் நாட்டையே தன் நாட்டுல இருந்து வெட்டி எடுத்த நாடு வேற ஏதாவது இருக்கான்னு தெரியல.

2014 ஜூன்ல புதுச்சேரில இருந்து 157 தமிழர்கள் ஒரு படகுல கிளம்பினாங்க, குழந்தைங்களும் உண்டு. ஆஸ்திரேலியக் கப்பல் அவங்களை மறிச்சு கிட்டத்தட்ட ஒரு மாசம் கடல்லயே வச்சிருந்துச்சு, இந்தியாவுல இறக்கப் பார்த்து நடக்கல, கடைசில நவ்ரு. இந்தக் கடல் சிறை சட்டப்படி செல்லும்னு 2015 ஜனவரில ஆஸ்திரேலியாவோட ஹைகோர்ட் (அங்க அதுதான் உச்ச நீதிமன்றம்) 4க்கு 3ன்னு சொல்லிருச்சு. அந்தக் காலத்துல படகுல வந்தா ஆஸ்திரேலியாவுல வாழவே முடியாதுன்னு ஒரு விளம்பரம், பல மொழில போட்டாங்க, தமிழ்லயும் போட்டாங்க.

நேர்மையா ஒண்ணு சொல்லணும், படகுங்க நின்னுச்சு. 2013க்கு அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குப் படகுல வந்து சேர்றது கிட்டத்தட்ட இல்லாமப் போச்சு, அந்தக் கடல்ல மூழ்கிச் சாகுறதும் குறைஞ்சுச்சு. இதை ஆதரிக்கிறவங்க சொல்ற வாதம் இதுதான், அதை ஒண்ணுமில்லன்னு தள்ளிவிட முடியாது. ஆனா அந்த ஆட்கள் மறையல, வேற எங்கயோ மாட்டிட்டு நிக்கிறாங்க, நவ்ருவுலயும் பப்புவா நியூ கினியோட மானுஸ் தீவுலயும் வருஷக்கணக்குல இருந்தவங்களுக்கு மனசு உடைஞ்சு தற்கொலை வரைக்கும் போச்சு, மானுஸ் முகாம் சட்டவிரோதம்னு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டே 2016ல சொல்லிருச்சு. செலவும் பில்லியன் கணக்குல. இது வெற்றின்னா, யாருக்கு வெற்றிங்கறதுதான் கேள்வி.

ஐரோப்பாவுக்கு இந்த அமெரிக்க வழி நேரா ஒத்துவரல, காரணம் ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்குற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 2009ல இத்தாலி சோமாலியா, எரித்ரியா ஆட்களைக் கடல்ல பிடிச்சு நேரா லிபியாவுல கொண்டு போய் இறக்குச்சு, கடாஃபியோட 2008ல போட்ட நட்பு ஒப்பந்தத்தோட பலன் அது. அதுல 24 பேர் கேஸ் போட்டாங்க, 2012 பிப்ரவரில தீர்ப்பு, அமெரிக்கத் தீர்ப்புக்கு நேர் எதிர்: நடுக்கடலா இருந்தாலும் உங்க கப்பல்ல, உங்க கட்டுப்பாட்டுல ஒருத்தர் இருந்தா அவர் உங்க பொறுப்பு.

நல்ல தீர்ப்பு. அதை வக்கீலுங்க எப்படிப் படிச்சாங்கன்னா, ஓ, நம்ம கப்பல்ல ஏத்தாம இருந்தா பொறுப்பு இல்ல. 2017 பிப்ரவரில இத்தாலி லிபியாவோட புது ஒப்பந்தம் போட்டுச்சு, ஐரோப்பிய யூனியனும் காசு குடுத்துச்சு, படகும் டிரெய்னிங்கும் லிபியா கோஸ்ட் கார்டுக்கு. ஐரோப்பாவோட விமானம் மேல இருந்து பாக்கும், லிபியாக்காரன் கீழ வந்து பிடிச்சுட்டுப் போவான். அதுக்கப்புறம் லட்சத்துக்கும் மேல ஆட்களை இப்படித் திருப்பி லிபியாவுக்கே இழுத்துட்டுப் போயிருக்காங்க, அங்க இருக்குற தடுப்பு முகாம்ல அடி, பாலியல் கொடுமை, வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பணம் பறிக்கிறது எல்லாம் நடக்குது. குடியேறிகள் மேல அங்க நடந்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்னு ஐ.நா. விசாரணைக் குழு 2023 மார்ச்ல அறிக்கை குடுத்துச்சு. 2014ல இருந்து மத்தியதரைக் கடல்ல செத்தவங்க, காணாமப் போனவங்க 30 ஆயிரத்துக்கும் மேல.

துருக்கி கதை தெரிஞ்சிருக்கும். 2015ல கிரீஸ் தீவுகளுக்கு மட்டும் எட்டரை லட்சம் பேர் கடல் வழியா வந்தாங்க, 2016 மார்ச்ல அவங்களைத் தடுத்து நிறுத்தச் சொல்லி துருக்கியோட டீல், 600 கோடி யூரோ, 2017ல அந்த எண்ணிக்கை சுமார் 30 ஆயிரம். இந்த மாதிரி டீல்ல யாரும் பெருசா கணக்குல எடுக்காத ஒரு விலை இருக்கு. காவலுக்கு வச்ச ஆள் கையில சாவியும் போயிடுது. 2010லயே கடாஃபி ரோமுக்கு வந்து வருஷத்துக்கு 500 கோடி யூரோ குடு, இல்லன்னா பாருன்னு கேட்டார். 2020 பிப்ரவரில துருக்கி அதிபர் எர்டோகன் கிரீஸ் பக்கம் கதவைத் திறந்துட்டேன்னார், கிரீஸ் ஒரு மாசத்துக்கு அடைக்கல விண்ணப்பத்தையே நிறுத்தி வச்சுச்சு. 2021 மே மாசம் மொராக்கோ காவலைத் தளர்த்தினதுல ரெண்டு நாள்ல சுமார் 8,000 பேர் மொராக்கோவை ஒட்டி இருக்குற ஸ்பெயினோட சியூட்டா நகரத்துக்குள்ள வந்துட்டாங்க, எதுக்கு? மொராக்கோ தன்னோடதுன்னு சொல்ற மேற்கு சஹாராவோட விடுதலைக்குப் போராடுற பொலிசாரியோ இயக்கத் தலைவருக்கு ஸ்பெயின் ஆஸ்பத்திரில வைத்தியம் பார்த்ததுக்குக் கோபம். அடுத்த வருஷம் மார்ச்ல ஸ்பெயின் பல வருஷ நிலைப்பாட்டை மாத்தி மேற்கு சஹாரா விஷயத்துல மொராக்கோ பக்கம் சாஞ்சிருச்சு. ஒரு மக்களோட விடுதலைக் கோரிக்கை வேற எங்கயோ நடந்த அகதிக் கணக்குல அடிபட்டுப் போச்சு.

இதையெல்லாம் சொன்னா "இடமில்லைங்க, எத்தனை பேரைத்தான் தாங்கும்"னு பதில் வரும். 2024 முடிவுல ஐ.நா.வோட அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆர் கணக்குப்படி உலகத்துல கட்டாயமா இடம்பெயர்ந்தவங்க 12.32 கோடி, அதுல 7.35 கோடி பேர் சொந்த நாட்டு எல்லையையே தாண்டல. தாண்டினவங்கள்லயும் 67 சதவீதம் பக்கத்து நாட்டுலயே நிக்கிறாங்க, 73 சதவீதம் ஏழை அல்லது நடுத்தர வருமான நாடுகள்லதான். அதிகம் பேரை வச்சிருக்குற நாடுங்க அப்ப ஈரான், துருக்கி, கொலம்பியா, ஜெர்மனி, உகாண்டா, இதுதான் வரிசை, பணக்கார நாடு அதுல ஒண்ணே ஒண்ணு. முறையான வழின்னு சொல்ற மீள்குடியேற்றம், அதாவது முகாம்ல இருந்து ஐ.நா. மூலமா தேர்ந்தெடுத்து விமானத்துல கூட்டிட்டுப் போறது, 2024ல மொத்தம் 1,88,800 பேருக்குக் கிடைச்சுது. அடுத்த ஜனவரில டிரம்ப் வந்த முதல் நாளே அமெரிக்காவோட அந்தத் திட்டத்தை நிறுத்திட்டார், அமெரிக்காதான் அதுல பெரிய பங்கு.

இடமில்லைங்கறது உண்மையில்லன்னு காட்டுனது உக்ரைன். 2022 பிப்ரவரி 24ல ரஷ்யா உள்ள வந்துச்சு, மார்ச் 4ஆம் தேதி ஐரோப்பிய யூனியன் 2001ல எழுதி வச்சு ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவைத் தூசி தட்டி எடுத்துச்சு. தனித்தனி விசாரணை இல்ல, வந்த உடனே தங்கலாம், வேலை செய்யலாம், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகலாம், 40 லட்சத்துக்கும் மேல பேருக்கு. தோல் நிறம், மதம், பக்கத்து நாடு, ரஷ்யா மேல இருக்குற கோபம் எல்லாம் காரணம்தான், அதை மறுக்கல. ஆனா எல்லாரும் விட்டுடுற இன்னொரு காரணம், உக்ரைன்காரங்களுக்கு 2017ல இருந்தே ஐரோப்பாவுக்கு விசா தேவையில்ல. அவங்க சட்டப்படியே பஸ்ஸுலயும் ட்ரெய்ன்லயும் காருலயும் வந்து இறங்க முடிஞ்சுது. நடுக்கடல் இல்ல, ஏஜென்ட் இல்ல, மூழ்கிச் சாகல. உக்ரைன்காரங்களை உள்ள விட்ட போலந்து அதே 2022 ஜூன்ல பெலாரஸ் எல்லையில 186 கிலோமீட்டர் இரும்பு வேலியைக் கட்டி முடிச்சுது, அந்தப் பக்கம் காட்டுல நின்னவங்க இராக்கியர், சிரியர், ஆப்கானியர்.

அடைக்கலம் கேட்டு வர்றவங்களை ருவாண்டாவுக்கு அனுப்பிடுற பிரிட்டனோட திட்டத்தை சுருக்கமா முடிச்சுக்கலாம், 2022 ஏப்ரல்ல அறிவிச்சாங்க, 2023 நவம்பர்ல அவங்க சுப்ரீம் கோர்ட்டே ருவாண்டா பாதுகாப்பான இடம் இல்லன்னு சொல்லிருச்சு, உடனே ருவாண்டா பாதுகாப்பான நாடுதான்னு பார்லிமென்ட்ல ஒரு சட்டம் போட்டாங்க (மழை பெய்யலன்னு சட்டம் போடுறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியல), 70 கோடி பவுண்ட் செலவு, போனது தானா முன்வந்த 4 பேர், 2024 ஜூலையில ஆட்சி மாறினதும் மூடிட்டாங்க.

ஆனா பிரிட்டனோட இன்னொரு கதை, டியகோ கார்சியா, அது அந்த அளவுக்குப் பேசப்படல, நம்ம ஊர் பத்திரிகையிலகூட ஓரத்துலதான் வந்துச்சு. 2021 அக்டோபர்ல 89 இலங்கைத் தமிழர்கள் ஒரு மீன்பிடிப் படகுல கனடா போகணும்னு கிளம்பி, இந்தியப் பெருங்கடல் நடுவுல படகுல தண்ணி ஏறி, பிரிட்டிஷ் கடற்படை காப்பாத்தி டியகோ கார்சியாவுல இறக்குச்சு. அதுல தமிழ்நாட்டு முகாம்கள்ல இருந்து போனவங்களும் உண்டு. அந்தத் தீவு பிரிட்டனோடது, ஆனா அமெரிக்க ராணுவத் தளம், அங்க காலங்காலமா வாழ்ந்த சாகோஸ் மக்களை 1968ல இருந்து 1973க்குள்ள மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் துரத்திட்டுத்தான் அந்தத் தளமே கட்டினாங்க. அங்க இதுக்கு முன்னாடி யாரும் அடைக்கலம் கேட்டதே இல்ல.

கேட்டாங்க. பிரிட்டன் சொன்னது, 1951 உடன்படிக்கையை நாங்க கையெழுத்துப் போட்டது உண்மை, ஆனா அதை இந்தத் தீவுக்கு நாங்க நீட்டவே இல்ல. காலு பட்டுச்சு, பிரிட்டிஷ் மண்ணுதான், பிரிட்டிஷ் கொடிதான் பறக்குது, ஆனாலும் செல்லாது. மூணு வருஷம் கூடாரத்துல வச்சிருந்தாங்க, சுத்தி வேலி, வெளிய தனியார் செக்யூரிட்டி, கூடாரத்துக்குள்ள எலி, குழந்தைங்க அதுலயே வளர்ந்தாங்க. சிலர் விரக்தில தற்கொலைக்கு முயற்சி பண்ணி வைத்தியத்துக்கு ருவாண்டாவுக்குக் கொண்டு போகப்பட்டாங்க, எதுக்கு ருவாண்டான்னு கேக்காதீங்க. சிலர் மறுபடியும் படகு ஏறி பிரான்ஸோட ரியூனியன் தீவுக்குப் போனாங்க. கடைசில 2024 டிசம்பர்ல மிச்சம் இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களை பிரிட்டனுக்கே கூட்டிட்டு வந்தாங்க, அதே மாசம் அந்தத் தீவுக்கான நீதிமன்றம் இவங்களை அடைச்சு வச்சது சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்லிச்சு. இனிமே யாராவது அங்க வந்து கரை ஒதுங்கினா? அதுக்கும் ஏற்பாடு ஆச்சு, அட்லாண்டிக்ல இருக்குற செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்புறதுன்னு அதே வருஷம் ஒப்பந்தம். நெப்போலியனைக் கொண்டு போய் வச்ச தீவு.

இப்ப ஐரோப்பா 2024 மே மாசம் நிறைவேத்தி, 2026 ஜூன்ல இருந்து நடைமுறைன்னு தேதி வச்ச புது ஒப்பந்தத்துல இதையே பொது விதியாக்கிட்டாங்க. எல்லையில ஸ்க்ரீனிங் நடக்குற வரைக்கும், விரைவு விசாரணை முடியுற வரைக்கும், ஆள் ஐரோப்பிய மண்ணுல நின்னாலும் சட்டப்படி இன்னும் உள்ள நுழையலன்னு அர்த்தம். இத்தாலி அதை அல்பேனியால கட்டிடமே கட்டிப் பண்ணிப் பார்த்துச்சு, 2024 அக்டோபர்ல முதல்ல 16 பேரைக் கொண்டு போனாங்க, இத்தாலியக் கோர்ட்டுங்க சில நாள்லயே திருப்பிக் கொண்டு வர வச்சுது.

ஐரோப்பாவை இவ்வளவு பேசிட்டு நம்ம பக்கம் பேசாம விட்டா அது சரியில்ல, ஏன்னா அந்த டியகோ கார்சியா படகுல சிலர் ஏன் தமிழ்நாட்டுல இருந்து ஏறணும்? இந்தியா 1951 உடன்படிக்கையில கையெழுத்துப் போடல, அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் கிடையாது. 1983ல இருந்து வந்தவங்களை உள்ள விட்டது, முகாம் குடுத்தது, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேத்தது எல்லாம் உண்மை, அந்த வகையில கால் படவே விடாத நாடுகளை விட எவ்வளவோ மேல. ஆனா கால் பட்டு 40 வருஷம் ஆகியும் அதுக்கு மேல ஒண்ணும் நகரல. முகாம்கள்ல மட்டும் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்காங்க, பலர் இங்கயே பொறந்தவங்க. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்ல. இந்தியாவுல பொறந்தாலே குடிமகன்ங்கற விதி 1987 ஜூலை 1க்கு முன்னாடி பொறந்தவங்களுக்குத்தான், அதனால 1986ல மண்டபம் முகாம்ல பொறந்த ஒரு பெண் ஹைகோர்ட் வரைக்கும் போய் 2024 தேர்தல்ல ஓட்டுப் போட முடிஞ்சுது, 1988ல அதே முகாம்ல அகதிப் பெத்தவங்களுக்குப் பொறந்தவங்களுக்கு அது முடியாது. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு விலக்கு உத்தரவு போட்டுச்சு: 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர்கள் மேல பாஸ்போர்ட், விசா இல்லாததுக்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. குடியுரிமை பத்தி அதுல ஒரு வரி இல்ல.